மில்வாக்கியிலிருந்து விம்பிள்டனுக்கு: ஓர் எண்ணின் பயணம்

2006 ஏப்ரலில் விஸ்வநாதன் ஆனந்த் எலோ புள்ளியில் 2800 என்ற எல்லையைத் தாண்டினார். சதுரங்கத்தில் குதிரை எப்படித் தாவும் என்று தெரியாதவர்களுக்கும் அந்த நாலு இலக்க எண் பெரிய சங்கதி என்பது புரிந்தது. பிறகு பிரக்ஞானந்தா, குகேஷ் என்று வரிசையாகப் பிள்ளைகள் கிளம்பி வர, எலோ புள்ளி தமிழ்நாட்டில் பழகிய பேச்சாகிவிட்டது. அதே எலோ இன்று சதுரங்கத்துக்கு வெளியேயும் உத்தியோகம் பார்க்கிறது. நாளைக்கு நடக்கப்போகும் டென்னிஸ் ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று கேட்டால், கணக்கு தெரிந்தவர்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். இந்த வேலைக்கு அதை யாரும் அழைக்கவில்லை. தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

அது பிறந்த ஊர் அமெரிக்காவின் மில்வாக்கி. பெற்றவர் அர்பாட் எலோ. 1903இல் ஹங்கேரியில் பிறந்து, பத்து வயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்து சேர்ந்தவர். மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். விஸ்கான்சின் மாநில சதுரங்கப் பட்டத்தை எட்டு முறை வென்றவர். அமெரிக்க சதுரங்கக் கூட்டமைப்பு அதுவரை கென்னத் ஹார்க்னஸ் வகுத்த முறைப்படி ஆட்டக்காரர்களுக்குப் புள்ளி போட்டுவந்தது. சில நேரங்களில் அதன் முடிவுகள் ஆட்டக்காரர்களுக்கே நியாயமாகப் படவில்லை. அந்த இடத்துக்கு எலோ தந்த புது முறையைக் கூட்டமைப்பு 1960இல் ஏற்றது. உலக சதுரங்க அமைப்பான ஃபிடே 1970இல் ஏற்றது. தொடக்க ஆண்டுகளில் உலகப் பட்டியலின் கூட்டல் கழித்தலை எலோவே உட்கார்ந்து போட்டார்.

அவருடைய யோசனை எளிமையானது. ஒருவருடைய திறமை என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட நாளில் அவர் ஆடும் ஆட்டம் அதற்கு மேலேயோ கீழேயோ போய் வரும். நேரே அளக்க முடியாத அந்தத் திறமையை வெற்றி தோல்விகளிலிருந்து ஊகிக்க வேண்டும். காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால், தண்ணீரில் மிதந்து குதிக்கும் தக்கையை அளப்பது மாதிரியான வேலை இது என்று எலோவே சொல்லியிருக்கிறார்.

கணக்கு இப்படிப் போகும். இரண்டு பேருக்கும் ஒரே புள்ளி என்றால் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 100 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவருக்கு 64 சதவீதம். 200 என்றால் 76. 400 என்றால் 91. ஆட்டம் முடிந்ததும் பட்டுவாடா நடக்கும். எதிர்பார்த்தவர் எதிர்பார்த்தபடி ஜெயித்தால் அவர் கணக்கில் கொஞ்சம்தான் ஏறும். எதிர்பாராதவர் ஜெயித்தால் நிறைய கைமாறும். ஓர் ஆட்டத்துக்கு 32 புள்ளி பணயம் என்று வைத்துக்கொண்டால், 2000 புள்ளிக்காரர் 1800 புள்ளிக்காரரை வென்று பெறுவது 8. தோற்றால் இழப்பது 24. எத்தனை ஆட்டம் வென்றாய் என்பதோடு யாரை வென்றாய் என்பதையும் சேர்த்தே இந்த எண் கேட்கிறது. அதன் உயிர் அந்த இரண்டாவது கேள்வியில் இருக்கிறது.

டென்னிஸ் வீட்டில் இந்தக் கேள்வி வேறு ரூபத்தில் முன்னமே உலவிக்கொண்டிருந்தது. ‘ஆலிஸின் அற்புத உலகம்’ எழுதிய லூயிஸ் கரோல் நிஜத்தில் சார்லஸ் டாட்ஜ்சன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு கணித ஆசிரியர். 1883இல் அவர் டென்னிஸ் போட்டிகளைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். தோற்றவர் வெளியே என்ற முறையில் இரண்டாவது சிறந்த வீரருக்கு இரண்டாம் பரிசு கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்பது அவர் குறை. 32 பேர் ஆடும் போட்டியில், திறமைசாலி எப்போதுமே ஜெயிப்பார் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டாவது சிறந்தவர் இறுதி ஆட்டத்தை எட்டும் வாய்ப்பு 31இல் 16 மட்டுமே. மிச்ச நேரங்களில் அவர் முதலிடத்துக்காரரை முன்கூட்டியே சந்தித்து மூட்டை கட்டிவிடுவார்.

விம்பிள்டன் இதற்குக் கண்ட மருந்து சீடிங். 1924இல் அரைகுறையாகத் தொடங்கி, 1927இல் திறமை அடிப்படையில் முழுதாக வந்தது. யார் யாரோடு மோதுவது என்று காட்டும் டிராவின் வெவ்வேறு மூலைகளில் பெரிய வீரர்களைப் பிரித்து வைப்பதுதான் அது. அப்படிப் பிரித்து வைக்க, யார் பெரியவர் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதை ஒரு குழு கூடி, பேசி முடிவு செய்தது. 1960, 1961 இரண்டு ஆண்டும் அரையிறுதி கண்ட நம் ராமநாதன் கிருஷ்ணனுக்கு 1962இல் நான்காவது சீட் கிடைத்தது இப்படித்தான். கணுக்கால் காயத்தால் அவர் பாதியில் விலக நேர்ந்தது. குழுவின் மதிப்பீட்டில் கணுக்காலுக்கு இடம் கிடையாது. பின்னால் வந்த எந்தக் கணக்கிலும் அதற்குச் சரியான இடம் கிடைக்கவில்லை.

1973 ஆகஸ்ட் 23 அன்று, தொழில்முறை டென்னிஸ் வீரர்களின் சங்கமான ஏடிபி தன் முதல் கணினித் தரவரிசையை வெளியிட்டது. முதல் பெயர் ருமேனியாவின் இலி நஸ்டாசே. இந்தத் தரவரிசை ஜோசியம் சொல்லப் பிறந்ததல்ல. எந்தப் போட்டியில் யாரைச் சேர்ப்பது என்பதைப் போட்டி நடத்துபவர்களின் விருப்பு வெறுப்பிலிருந்து மீட்பதுதான் அதன் வேலை. அந்த வேலையை அது நன்றாகவே செய்தது. கடந்த 52 வாரங்களில் எந்தப் போட்டியில் எந்தச் சுற்றுவரை போனாய் என்று பார்த்து அது புள்ளி தருகிறது. கிராண்ட் ஸ்லாம் பட்டத்துக்கு 2000. அந்தப் பாதையில் முதல்நிலை வீரரைச் சாய்த்தாயா, தகுதிச் சுற்றிலிருந்து வந்த பையனைச் சாய்த்தாயா என்று கேட்பதில்லை. 1990களில் பெரிய வீரரை வென்றால் போனஸ் புள்ளி உண்டு. பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள்.

தரை விஷயத்திலும் அது கண்ணை மூடிக்கொள்ளும். பாரிஸின் களிமண்ணில் எடுத்த புள்ளியும் லண்டனின் புல்லில் எடுத்த புள்ளியும் அதற்கு ஒன்றே. விம்பிள்டன் இதை ஏற்காமல் தன் இஷ்டப்படி சீட் வழங்க, 2000இல் ஸ்பெயினின் அலெக்ஸ் கொரெட்ஜாவும் ஆல்பர்ட் கோஸ்டாவும் போட்டியையே புறக்கணித்தார்கள். சமரசமாக 2002 முதல் ஒரு சூத்திரம் வந்தது: தரவரிசைப் புள்ளியோடு, கடந்த ஆண்டு புல்தரையில் எடுத்த புள்ளிகளை முழுதாகவும், அதற்கு முந்தைய ஆண்டின் சிறந்த புல்தரைப் போட்டியின் புள்ளியில் 75 சதவீதத்தையும் கூட்டிக்கொள்வது. 2019இல் அதன்படி உலகின் 2ஆம் நிலை வீரர் நடால் மூன்றாவது சீட் ஆனார். 3ஆம் நிலையில் இருந்த ஃபெடரர் இரண்டாவது சீட் ஆனார். நடால் முணுமுணுத்தார். அந்த ஆண்டு அரையிறுதியில் இருவரும் மோதினார்கள், வென்றது ஃபெடரர். சூத்திரம் அதோடு கடைசி. அடுத்த விம்பிள்டன் நடந்த 2021 முதல் ஆண்களுக்கும் வெறும் தரவரிசைதான்.

இப்படிக் காலியாக இருந்த நாற்காலியில்தான் எலோ வந்து உட்கார்ந்தது. விழா எடுத்து யாரும் வரவேற்கவில்லை. ஜெஃப் சேக்மன் என்ற அமெரிக்கர் பல பத்தாண்டுகளின் டென்னிஸ் முடிவுகளைத் திரட்டி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தார். கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் அதன்மேல் எலோவை ஓட்டிப் பார்த்தார்கள். 2015 வாக்கில் ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற புள்ளிவிவர இதழ் அதைத் தன் டென்னிஸ் கட்டுரைகளில் புழங்கவிட்டது.

வந்த இடத்துக்கு ஏற்ப அது சில பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. முதலாவது, கற்றுக்கொள்ளும் வேகம். டென்னிஸில் பதினெட்டு வயதுப் பெண் ஒரே கோடையில் உச்சிக்குப் போய்விடுவாள். எண்ணும் அவள் பின்னால் ஓட வேண்டும். பத்தாண்டு ஆடியவர் ஓர் ஆட்டம் தோற்றால் பதறக் கூடாது. ஃபைவ்தர்ட்டிஎய்ட் வகுத்த சூத்திரத்தில் முதல் ஆட்டம் ஆடுபவருக்குப் பணயம் கிட்டத்தட்ட 131 புள்ளி. நூறு ஆட்டம் ஆடியவருக்கு 39. ஆயிரம் ஆடியவருக்கு 16.

இரண்டாவது, தரை. சதுரங்கப் பலகை சென்னையிலும் ஒன்றுதான், மாஸ்கோவிலும் ஒன்றுதான். டென்னிஸ் அப்படியில்லை. பிரெஞ்சு ஓபனில் 112 ஆட்டம் வென்று 4 மட்டுமே தோற்ற நடாலைப் புல்தரையில் அதே கண்ணால் பார்க்க முடியாது. அதனால் களிமண்ணுக்கு ஒன்று, புல்லுக்கு ஒன்று, ஹார்ட் கோர்ட்டுக்கு ஒன்று என எண் பல பிறவி எடுத்தது. தனித்தனியாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஆட்டங்கள் போதாமல் போகும். புல்தரைக் காலமே சில வாரங்கள்தான். ஆகவே பொது எண்ணையும் தரை எண்ணையும் பாதிக்குப் பாதி கலப்பது வழக்கமாயிற்று.

இதற்குள் டென்னிஸிலேயே பிறந்த ஒரு போட்டியாளர் வளர்ந்திருந்தார். நெதர்லாந்தின் ஃபிராங்க் கிளாசனும் யான் மாக்னஸும் 1992 முதல் 1995 வரையிலான விம்பிள்டனின் 481 ஆட்டங்களை, ஏறக்குறைய 90,000 பாயிண்டுகளை, ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். ஆட்டத்தின் முடிவைப் பார்ப்பதற்குப் பதில் பாயிண்டிலிருந்து தொடங்குவது இவர்கள் வழி. முந்தைய பாயிண்டை வென்றவர் அடுத்ததையும் வெல்லச் சற்றே அதிக வாய்ப்பு உண்டு, நெருக்கடியான பாயிண்டில் சர்வ் செய்பவர் கொஞ்சம் தடுமாறுகிறார் என்றெல்லாம் கண்டார்கள். ஆனால் இந்த விலகல்கள் சிறியவை. ஒவ்வொரு பாயிண்டும் தனித்தனி என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் பெரிய தப்பு வராது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் டென்னிஸின் ஸ்கோர் முறை என்ன செய்கிறது என்று தெரியும். யார் சர்வ் செய்தாலும் ஒரு வீராங்கனை நூற்றுக்கு 52 பாயிண்ட் வெல்கிறார் என்று வைப்போம். எதிராளிக்கு 48. கேமை வெல்லும் வாய்ப்பு 55 ஆகிவிடும். செட்டை வெல்வது 64. மூன்று செட் ஆட்டத்தை வெல்வது 70. ஐந்து செட் என்றால் 75. பாயிண்டில் இருந்த நாலு சத இடைவெளி, ஆட்டம் முடிவதற்குள் நாற்பது, ஐம்பது சதமாக வீங்கிவிடுகிறது. ஃபெடரர் 2024இல் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் தன் கணக்கைச் சொன்னார்: 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் வெற்றி, பாயிண்டுகளில் வென்றது 54 சதவீதம்தான்.

இந்தப் பெருக்கல் சில நாள் காலை வாரியும் விடும். 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் 218 பாயிண்ட் எடுத்தார், ஜோகோவிச் 204. கோப்பை ஜோகோவிச்சுக்குப் போனது. மூன்று டை-பிரேக்கையும் அவர் வென்றிருந்தார். 2010இல் மூன்று நாள் நீண்டு கடைசி செட் 70–68 என முடிந்த ஆட்டத்திலும் தோற்ற மஹு 502 பாயிண்ட், வென்ற இஸ்னர் 478. பாயிண்டுகள் எந்த நேரத்தில் விழுகின்றன என்பது ஆட்டத்துக்கு முந்தின இரவு எந்தக் கணக்குக்கும் தெரியாது.

எலோவுக்குப் பரீட்சை 2016இல் வந்தது. ஸ்டெஃபனி கோவல்சிக் என்ற புள்ளியியலாளர், ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வெளியாகியிருந்த 11 கணிப்பு முறைகளை 2014ஆம் ஆண்டின் ஏடிபி ஆட்டங்களில் சோதித்தார். பாயிண்டிலிருந்து கட்டியவை, தரவரிசையிலிருந்து கட்டியவை, ஜோடி ஒப்பீட்டில் கட்டியவை எல்லாம் வரிசையில் நின்றன. அவற்றில் ஃபைவ்தர்ட்டிஎய்ட்டின் எலோதான் முந்தியது. நூற்றுக்கு ஏறக்குறைய 70 ஆட்டங்களில் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னது. அதைவிட ஒரு படி மேலே நின்றது பந்தயக்காரர்களின் விலை மட்டுமே.

அந்த விலை என்பது ஜனங்கள் பணம் கட்டி எழுதும் கணிப்பு. ஒருவருக்கு 1.40, மற்றவருக்கு 3.00 என்று விலை போட்டால், தலைகீழாக வகுத்துப் பார்க்கும்போது 71ம் 33ம் வரும். கூட்டினால் 104க்கு மேல். நூறுக்கு மேல் உள்ளது கடைக்காரர் லாபம். அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது எலோ தருவதைப் போன்றதொரு சதவீதம்தான். வித்தியாசம் என்னவென்றால், பயிற்சியில் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற வீரரைப் பார்த்தவர்கள் சந்தையில் இருக்கிறார்கள். எலோ அவரைப் பார்க்கவில்லை.

அந்தப் பார்வையில்தான் சந்தையின் சீக்கும் இருக்கிறது. 2007 ஆகஸ்டில் போலந்தின் சோபோட் நகரில் உலகின் 4ஆம் நிலை வீரர் டேவிடென்கோ, 87ஆம் நிலையில் இருந்த அர்ஜென்டினாவின் வஸ்ஸாயோ அர்குவேயோவிடம் முதல் செட்டை வென்றார். பணமோ எதிராளியின் பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது செட்டில் டேவிடென்கோ காயம் என்று விலகினார். பந்தய நிறுவனமான பெட்ஃபேர் அந்த ஆட்டத்தின் எல்லாப் பந்தயங்களையும் ரத்து செய்தது. ஓராண்டு விசாரித்த ஏடிபி, வீரர்கள்மீது குற்றத்துக்கு ஆதாரமில்லை என்று முடித்தது. ஆனால் கணிப்புக்கு அன்று ஒரு புது வேலை கிடைத்துவிட்டது. விலை காரணமின்றிக் கணக்கை விட்டு விலகினால், அந்த ஆட்டத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 2008இல் டென்னிஸ் நேர்மைப் பிரிவு தொடங்கப்பட்டது. பிறகு நடுவரின் கருவியில் விழும் ஸ்கோர் நொடியில் உலகெங்கும் போய், பாயிண்டுக்குப் பாயிண்ட் விலை மாறும் காலம் வந்தது. அந்த நொடியை முந்த, அரங்கில் உட்கார்ந்தே ரகசியக் கருவியால் ஸ்கோர் அனுப்பியதாக 2014 ஆஸ்திரேலிய ஓபனில் ஒருவர் கைதானார். வழக்கு பிறகு கைவிடப்பட்டது. ஆளில்லாத அரங்கில், செலவுக்கே கட்டாத பரிசுக்கு ஆடும் வீரர்களின் ஆட்டங்களுக்கும் இப்படி விலை பேசியதுதான் பெரிய கேடு. கீழ்மட்டப் போட்டிகளின் நேரடி ஸ்கோரை விற்பதை நிறுத்துங்கள் என்று 2018இல் சுயேச்சை ஆய்வுக் குழு பரிந்துரைத்தது.

எண் தோற்ற இடங்களையும் சொல்ல வேண்டும். 2009இல் ரோம் நகரக் களிமண்ணில் ராபின் சோடர்லிங்கை 6–1, 6–0 என்று நடால் துவைத்தெடுத்தார். சில வாரம் கழித்து பாரிஸில் அதே சோடர்லிங் நடாலை வெளியேற்றினார். 2014 ஜனவரியில் சென்னை நுங்கம்பாக்கத்தில் பட்டம் வென்ற ஸ்டான் வாவ்ரிங்கா அங்கிருந்து மெல்போர்ன் போனார். ஜோகோவிச்சிடம் தொடர்ந்து 14 முறை தோற்றிருந்தவர்; நடாலுக்கு எதிராக 12 ஆட்டங்களில் ஒரு செட்கூட எடுக்காதவர். இருவரையும் வென்று ஆஸ்திரேலிய ஓபனைக் கையில் எடுத்தார். இறுதியில் நடாலுக்கு முதுகு பிடித்துக்கொண்டது உண்மை. வாவ்ரிங்காவின் ஒற்றைக் கை பேக்ஹேண்ட் அந்த இரண்டு வாரம் வேறொரு மனிதருடையதாக இருந்ததும் உண்மை. 2021இல் 150ஆம் நிலையிலிருந்த எம்மா ரடுகானு தகுதிச் சுற்றிலிருந்து புறப்பட்டு, பத்து ஆட்டங்களில் ஒரு செட்கூட இழக்காமல் யுஎஸ் ஓபனை வென்றார். அவரைப் பற்றி எண்ணிடம் சொல்ல அநேகமாக ஒன்றுமே இருந்திருக்காது.

எலோவை வளர்த்த வீடுகளில் ஒன்று இன்று இல்லை. ஃபைவ்தர்ட்டிஎய்ட் 2025 மார்ச்சில் மூடப்பட்டது. சூத்திரம் பொதுச் சொத்தாகிவிட்டதால் அதற்குச் சேதமில்லை. சேக்மனின் டென்னிஸ் அப்ஸ்ட்ராக்ட் இணையதளத்தில் அது தொடர்ந்து ஓடுகிறது. 2018இல் ஃபிஃபாவும் தன் ஆண்கள் கால்பந்துத் தரவரிசைக்கு எலோ வழியையே எடுத்துக்கொண்டது.

இத்தனை ஊர் சுற்றியும் டென்னிஸில் அது அந்த 70க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. இதைக் குறை என்று எடுத்துக்கொள்பவர்கள் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரிவில் 127 ஆட்டங்கள். சராசரியாக 70 சதவீத நம்பிக்கையோடு கணிப்புச் சொல்லும் எண், அவற்றில் 38 ஆட்டங்களில் தவற வேண்டும். ஐந்தே ஐந்தில் தவறினால், அது அளவுக்கு மீறிப் பயந்த எண். சொன்ன சதவீதங்கள் எல்லாம் பொய். நல்ல கணிப்புக்கு இலக்கணம், 70 என்று சொன்ன நூறு ஆட்டங்களில் முப்பதைத் தோற்பதுதான்.

கோப்பையைக் கணிக்கும்போது இது இன்னும் உறைக்கும். முதல் சுற்றிலிருந்து இறுதிவரை ஒவ்வொரு ஆட்டத்திலும் 90 சதவீத வாய்ப்புள்ள ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். அப்படி ஒருவர் கிடைப்பதே அபூர்வம். ஏழு சுற்றையும் பெருக்கினால் அவர் பட்டம் வெல்லும் வாய்ப்பு 48 சதவீதத்தைத் தொடாது. உலகமே ஒரு பெயரைச் சொன்னாலும், அந்தப் பெயருக்கு எதிராக மிச்சமிருக்கும் 127 பேர்மீது சேர்த்துப் பந்தயம் கட்டுவதுதான் எண் சொல்லும் புத்திமதி.